கோரிமேட்டு ஆஸ்பத்திரி எது?

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில், நகரம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் விளிம்பில் இருக்கிறது கோரிமேடு. விழுப்புரம், கடலூர் பக்கத்துக் கிராமத்தார் ஒருவர் "கோரிமேட்டு ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம்" என்று சொன்னால், அது ஜிப்மர் என்று கேட்பவருக்கு விளங்கிவிடும். அதே சொற்களைக் கைபேசியில் தட்டினால் தேடுபொறிக்கும் அது விளங்க வேண்டும். விளங்குவதில் என்ன சிரமம் என்று தோன்றலாம். சிரமம் பெரியது.

அந்த மருத்துவமனையின் முழுப்பெயர் ஜவகர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். அதில் 'கோரிமேடு' இல்லை, 'ஆஸ்பத்திரி' இல்லை, 'மருத்துவமனை'கூட இல்லை. அஞ்சல் முகவரியில் தன்வந்திரி நகர், புதுச்சேரி 605006 என்று எழுதுவதே வழக்கம். போதாக்குறைக்குச் சேலத்திலும் ஒரு கோரிமேடு உண்டு. அரசு மகளிர் தொழிற்பயிற்சி நிலையமும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகமும் இருக்கிற இடம். தட்டிய சொற்களில் ஒன்றுகூடப் பெயரில் இல்லாத நிறுவனத்தை, வேறு மாவட்டத்தில் இருக்கும் அதே பெயருள்ள ஊரோடு குழப்பிக்கொள்ளாமல், ஓர் எந்திரம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சொல்லடைவு என்னும் முதல் படி

தேடுபொறியின் பழைய முறை எளிமையானது. கிராலர் என்னும் நிரல் இணையப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று எழுதிவைக்கும். சங்க இலக்கியத்துக்குப் புலவர்கள் தொகுத்த சொல்லடைவுகளும் இதே அமைப்பில் ஆனவைதாம். 'கோரிமேடு', 'ஆஸ்பத்திரி' என்று இரண்டு சொற்கள் வந்தால், இரண்டு பட்டியலிலும் உள்ள பக்கங்களை எடுத்து, எவற்றுக்குப் பிற பக்கங்களிலிருந்து இணைப்புகள் அதிகம் என்று பார்த்து வரிசைப்படுத்தினால் வேலை முடிந்தது.

இந்த முறைக்கு எழுத்துகள்தான் தெரியும்; எழுத்து குறிக்கும் பொருள் தெரியாது. புதுச்சேரி, பாண்டிச்சேரி, பாண்டி, புதுவை என்ற நான்கும் அதற்கு நான்கு தனிச் சரங்கள். சேலத்துக் கோரிமேடும் புதுச்சேரிக் கோரிமேடும் அதற்கு ஒரே சரம். ஒரு பொருளுக்குப் பல பெயர், ஒரு பெயருக்குப் பல பொருள் என்ற இரண்டு முடிச்சுகளும் மொழி தோன்றிய நாளிலிருந்தே இருப்பவை. தமிழில் அவற்றை அவிழ்க்க முயன்ற நூல்களுக்கு நிகண்டு என்று பெயர்.

நிகண்டு வழி

திவாகர நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளால் ஆனது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று உலகத்துப் பொருள்களை வகைவகையாகப் பிரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள பெயர்களையெல்லாம் அந்தந்த வகையின் கீழ் அடுக்குகிறது. பதினோராவது தொகுதி இதற்குத் தலைகீழ்: ஒரு சொல் பல்பொருள் பெயர்த் தொகுதி. பன்னிரண்டாவது, பல பொருள்கள் சேர்ந்த கூட்டத்துக்கு வழங்கும் பெயர்களைச் சொல்கிறது. அகர வரிசைப்படி சொல்லைத் தேடும் வசதி பின்னால் வந்தது. 1594ஆம் ஆண்டின் அகராதி நிகண்டு அதற்குத் தொடக்கம். அகர வரிசை வசதியானதுதான். ஆனால் அது சொல்லை அடுக்கியது. நிகண்டு உலகத்தை அடுக்கியது. இன்றைய தேடுபொறிகள் சொல்லடைவிலிருந்து மறுபடியும் நிகண்டின் பக்கம் நகர்ந்திருக்கின்றன.

அவை பயன்படுத்தும் அடுக்குமுறைக்கு ஆங்கிலவழிப் பெயர் ஆன்டாலஜி. இந்த அத்தியாயத்தில் அது 'பொருளமைவு' எனப்படும். ஒரு துறையில் என்னென்ன வகைப் பொருள்கள் உள்ளன, அவற்றுக்குள் என்னென்ன உறவுகள் இருக்கலாம், அந்த உறவுகளுக்கு என்ன விதிகள் என்பதை எந்திரம் படிக்கும் வடிவில் எழுதிவைத்த ஒப்பந்தமே பொருளமைவு. 1993இல் டாம் குரூபர் என்ற கணினி அறிஞர் கொடுத்த வரையறையின் சாரமும் இதுவே. நிகண்டில் இல்லாமல் இதில் புதிதாக வந்தவை உறவுகளும் விதிகளும்.

இடையில் இன்னொரு படியும் உண்டு. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1933இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். ஒரு நூலை ஒரே பெட்டியில் போட்டு அடைப்பதை விட்டு, அதன் பொருளைப் பல முகங்களாகப் பிரித்துக் குறிப்பது அவர் முறை: மையப்பொருள், பருப்பொருள், ஆற்றல், இடம், காலம். நூலக அறிவியல் மாணவர்களுக்குப் பழக்கமான எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 1950இல் இந்தியாவில் நடந்த, நுரையீரல் காசநோயை எக்ஸ்ரே கொண்டு குணப்படுத்துவது பற்றிய ஆராய்ச்சி. நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ்ரே, ஆராய்ச்சி, இந்தியா, 1950 என்று ஒவ்வொன்றும் அந்த முறையில் தனித்தனிக் குறி பெறும். அலமாரியில் புத்தகம் ஓரிடத்தில்தான் நிற்க முடியும். ஆனால் அதை அடைய ஏழு வழிகள் கிடைத்துவிட்டன. இணையத்தில் வடிகட்டித் தேடும் ஒவ்வொரு வசதிக்கும் இந்த எண்ணமே முன்னோடி.

ஜிப்மரை எந்திரத்துக்கு அறிமுகம் செய்தல்

பொருளமைவில் ஒவ்வொரு செய்தியும் மூன்று உறுப்புள்ள ஒரு சிறு வாக்கியம்: ஒரு பொருள், ஓர் உறவு, இன்னொரு பொருள். இதை 'முக்கூற்று' எனலாம். ஜிப்மரைப் பற்றிய முக்கூற்றுகள் சில:

ஜிப்மர் — வகை — மருத்துவமனை.
ஜிப்மர் — வகை — கல்லூரி.
ஜிப்மர் — அமைவிடம் — தன்வந்திரி நகர்.
தன்வந்திரி நகர் — உள்ளடங்கியது — கோரிமேடு.
கோரிமேடு — உள்ளடங்கியது — புதுச்சேரி.
ஜிப்மர் — மாற்றுப்பெயர் — கோரிமேட்டு ஆஸ்பத்திரி.

கடைசி வரியை யாராவது எழுதியிருந்தால் சிக்கலே இல்லை. பெரும்பாலும் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். மக்கள் வாயில் வழங்கும் பெயர் அலுவலகப் படிவத்தில் ஏறுவது அரிது. அப்போது விதிகள் கைகொடுக்கின்றன. உள்ளடங்குதல் தொடரும் உறவு என்று பொருளமைவில் ஒரு விதி உண்டு. அ என்பது ஆவுக்குள், ஆ என்பது இக்குள் என்றால், அ என்பது இக்குள்ளும்தான். ஆகவே ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது என்பதை எந்திரம் தானே வருவித்துக்கொள்கிறது, எந்தப் பக்கத்திலும் அந்த வாக்கியம் இல்லாவிட்டாலும். 'ஆஸ்பத்திரி' மருத்துவமனை என்ற வகையைக் குறிக்கும் சொல் என்பது சொல் பட்டியலிலிருந்து கிடைக்கும். கேள்வி இப்போது இரண்டு சரங்களாக இல்லை. 'கோரிமேடு என்ற இடத்துக்குள் உள்ள, மருத்துவமனை வகையைச் சேர்ந்த பொருள் எது?' என்று உருமாறிவிட்டது.

மருத்துவமனை என்ற வகையில் ஒரு நுட்பம் இருக்கிறது. பரவலாகப் பயன்படும் பொருளமைவில் மருத்துவமனை என்பது இடத்துக்கும் பிள்ளை, நிறுவனத்துக்கும் பிள்ளை. இடம் என்ற முறையில் அதற்கு அட்சரேகை, தீர்க்கரேகை, நுழைவாயில் உண்டு. நிறுவனம் என்ற முறையில் தொடங்கிய ஆண்டு, தலைமை, கிளை உண்டு. இந்த இரட்டை வாழ்க்கை வீண் சிக்கல் போலத் தோன்றும். ஆனால் ஜிப்மருக்குக் காரைக்காலிலும் ஒரு மருத்துவக் கல்லூரி 2016 முதல் இயங்குகிறது. நிறுவனம் ஒன்று, இடம் இரண்டு. இரண்டையும் பிரிக்காத எந்திரம், காரைக்கால் மாணவரைப் பற்றிய செய்தியை வைத்துக் கோரிமேட்டுக்கு வழி காட்டும். தவறான வழி சுமார் 130 கிலோமீட்டர்.

அமைவிடம் வேறு, ஆட்சி வேறு

விதிகளைக் கவனமாக எழுதாவிட்டால் எந்திரம் தவறான முடிவுகளையும் அதே உறுதியோடு வருவிக்கும். இதைச் சோதிக்கப் புதுச்சேரியை விடச் சிறந்த ஊர் இந்தியாவில் இல்லை.

புதுச்சேரி ஒன்றியப் பகுதி நான்கு துண்டுகள் கொண்டது: புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம். மாகே கேரளத்தால் சூழப்பட்டது, ஏனாம் ஆந்திரத்தால். 'பக்கத்தில் உள்ளவை ஒரே மாநிலத்தைச் சேர்ந்தவை' என்ற விதி மற்ற ஊர்களில் பெரும்பாலும் சரிப்படும். இங்கே முதல் அடியிலேயே சறுக்கும். கோரிமேட்டை ஒட்டிய பட்டானூர் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. சாலையின் ஒரு பக்கத்துக் கடைக்கு ஒரு அரசு, சற்றுத் தள்ளியுள்ள கடைக்கு இன்னொரு அரசு. பெட்ரோல் விலையும் மது விலையும் மாறும் இந்த எல்லையில், வரைபடத்தில் நெருங்கியிருப்பது எதையும் நிரூபிக்காது.

எனவே பொருளமைவில் 'அமைந்துள்ள இடம்', 'ஆட்சிப் பகுதி', 'நடத்தும் அமைப்பு' ஆகிய மூன்றும் வேறு வேறு உறவுகள். ஜிப்மர் அமைந்திருப்பது புதுச்சேரியில். நடத்துவது ஒன்றிய அரசின் சுகாதார அமைச்சகம். கதிர்காமத்தில் உள்ள இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி புதுச்சேரி அரசைச் சார்ந்தது. 'புதுச்சேரி அரசு மருத்துவக் கல்லூரி' என்று தேடுபவருக்கு எதைக் காட்டுவது என்பதை 'நடத்தும் அமைப்பு' என்ற உறவே தீர்மானிக்கிறது. அமைவிடத்தை வைத்து ஆட்சியை வருவிக்கக் கூடாது என்று யாரோ ஒருவர் யோசித்து விதி எழுதியிருக்க வேண்டும். பொருளமைவு கணக்குப் போட்டுக் கிடைக்கும் ஒன்று அல்ல. மனிதர் எடுத்த தீர்ப்புகளின் தொகுப்பு. அந்தத் தீர்ப்பில் குறை இருந்தால் அது கோடிக்கணக்கான தேடல்களில் பிரதிபலிக்கும்.

காலம் என்னும் முகம்

1823இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் 'எக்கோல் த மெத்சீன்' என்ற மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். 1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவுக்குக் கைமாறிய பின், 1956இல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆனது. 1964இல் ஜிப்மர். 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். பழைய பிரெஞ்சு ஆவணத்தைப் பார்க்கும் ஆய்வாளர், 1960இல் படித்தவரின் சான்றிதழைச் சரிபார்க்கும் அலுவலர், இன்று நோயாளியை அழைத்துவருபவர் ஆகிய மூவரும் மூன்று பெயரில் தேடுவது ஒரே பொருளின் வரலாற்றைத்தான்.

இங்கே பெயர் ஒவ்வொன்றோடும் 'எப்போதிலிருந்து, எப்போதுவரை' என்ற குறிப்பு சேர வேண்டும். பெயரை மாற்றி எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்குப் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் நல்ல பாடம். ஒன்றியப் பகுதியின் பெயர் 2006 அக்டோபர் 1 முதல் புதுச்சேரி என்று ஆனது. 1985இன் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயரில் பாண்டிச்சேரி அப்படியே நிற்கிறது. கண்ட இடத்திலெல்லாம் பழைய பெயரைப் புதியதாக்கும் நிரல், இருக்கிற பல்கலைக்கழகத்தை இல்லாததாக்கிவிடும்.

இதனால்தான் பொருளமைவில் ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் சாராத ஓர் அடையாள எண் தரப்படுகிறது. 2012 அக்டோபரில் தொடங்கிய விக்கித்தரவு என்ற திறந்த தரவுத்தளம் இப்படித்தான் இயங்குகிறது. எண் நிலையானது, தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலப் பெயர்கள் அந்த எண்ணில் ஒட்டிய சீட்டுகள். சீட்டு மாறினால் எண் மாறாது.

பொது அகராதி ஒன்று

முக்கூற்றுகளை யார் எழுதுவது? ஒரே குழு உட்கார்ந்து உலகத்தையே எழுதிவிடலாம் என்று ஒரு முயற்சி நடந்தது. 1984இல் டக்ளஸ் லெனட் அமெரிக்காவில் தொடங்கிய சைக் திட்டம், மனிதரின் பொது அறிவு முழுவதையும் விதிகளாக எழுத முனைந்தது. சென்னை ஐஐடியில் எந்திரப் பொறியியல் படித்த ராமநாதன் வி. குஹா அதில் முக்கியப் பங்கு வகித்து 1990களின் நடுவில் வெளியேறினார். பின்னர் இணையத்துக்கான முக்கூற்று வடிவமான ஆர்டிஎஃப் உருவாவதிலும், கூகுளுக்குச் சென்ற பின் ஸ்கீமா.ஆர்க் உருவாவதிலும் அவர் கை உண்டு. சைக் எல்லாவற்றையும் தானே எழுதப் பார்த்தது. ஸ்கீமா.ஆர்க் சொற்களை மட்டும் வகுத்துக் கொடுத்து, வாக்கியங்களை இணையதளம் வைத்திருப்பவர்களே எழுதட்டும் என்று விட்டுவிட்டது. இரண்டாவதுதான் ஓடியது.

2011 ஜூன் மாதம் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ மூன்றும் சேர்ந்து அதை வெளியிட்டன. அதே ஆண்டில் ரஷ்யாவின் யாண்டெக்ஸும் சேர்ந்தது. சந்தையில் மோதிக்கொள்ளும் நிறுவனங்கள் ஒரு சொற்பட்டியலில் உடன்பட்டதே வியப்பு. மருத்துவமனை, உணவகம், பேருந்துப் பயணம், சமையல் குறிப்பு என்று வகைகள் இன்று சுமார் 800. இணையதளம் நடத்துபவர் தம் பக்கத்தின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத பகுதியில், இந்த வகைப் பெயர்களைக் கொண்டு முக்கூற்றுகளை எழுதிவைப்பார். 2016இல் குஹாவும் உடனுழைத்தவர்களும் வெளியிட்ட கட்டுரைப்படி, 1,000 கோடிப் பக்கங்கள் கொண்ட மாதிரியில் 31.3 சதவீதப் பக்கங்களில் இத்தகைய குறிப்புகள் இருந்தன.

இப்படிக் கிடைப்பவற்றையும் பிற மூலங்களையும் தேடுபொறி ஒன்றுசேர்த்து ஒரு பெரிய வலையாகப் பின்னுகிறது. கூகுள் தன் 'அறிவு வலை'யை 2012 மே மாதம் அறிவித்தபோது அதில் 50 கோடிப் பொருள்களும் 350 கோடிக்கு மேற்பட்ட செய்திகளும் இருந்தன. அதற்கு ஒரு முக்கிய அடிப்படை, 2010இல் அது வாங்கிய மெட்டாவெப் நிறுவனத்தின் ஃப்ரீபேஸ் தரவுத்தளம்.

கேள்வி போகும் வழி

இப்போது முதல் கேள்வியைப் பின்தொடரலாம். 'கோரிமேடு' என்ற சொல்லுக்கு வலையில் குறைந்தது இரண்டு இடங்கள் நிற்கின்றன. தேடுபவரின் கைபேசி வானூரில் இருந்தால் புதுச்சேரி முந்தும். ஏற்காடு அடிவாரத்தில் இருந்தால் சேலம் முந்தும். இடம் தெரியாவிட்டால், 'ஆஸ்பத்திரி' என்ற அடுத்த சொல் தராசைச் சாய்க்கும். எந்தக் கோரிமேட்டோடு இணைந்த மருத்துவமனை வகைப் பொருள் அதிகம் பேசப்படுகிறது என்று எந்திரம் பார்க்கும்.

புதுச்சேரிக் கோரிமேடு என்று முடிவானாலும் வேலை முடியவில்லை. அங்கே ஜிப்மர் தவிர, அரசு மார்பு நோய் மருத்துவமனையும் மகாத்மா காந்தி பட்டமேற்படிப்புப் பல் மருத்துவ நிறுவனமும் இருக்கின்றன. 'கோரிமேடு பல் ஆஸ்பத்திரி' என்றால் மருத்துவமனை என்ற வகையோடு 'சிறப்புத் துறை' என்ற உறவும் சேர்ந்து, விடை மாறுகிறது. 'ஓ.பி. நேரம்' என்று சேர்த்தால் பொருள் அப்படியே இருக்க, அதன் ஒரு பண்பு மட்டும் கேட்கப்படுகிறது. புறநோயாளிப் பிரிவு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்ற குறிப்பு முக்கூற்றாக எழுதப்பட்டிருந்தால் அதைப் பிய்த்தெடுத்து மேலே காட்டலாம். இல்லாவிட்டால் பத்து இணைப்புகளைக் காட்டி, தேடிக்கொள்ளுங்கள் என்று விட வேண்டியதுதான்.

நோயின் பெயரைக் கேட்டால் எச்சரிக்கை கூடுகிறது. தன் தேடல்களில் 20இல் ஒன்று உடல்நலம் பற்றியது என்று 2015இல் கூகுள் சொன்னது. அந்த ஆண்டு நோய்களைப் பற்றிய தகவல்களை அறிவு வலையில் சேர்த்தபோது, மருத்துவர்களைக் கொண்டு சரிபார்த்த பிறகே காட்டியது.

சொன்னதையெல்லாம் நம்பலாமா?

பக்கத்தின் உள்ளே எழுதும் குறிப்பு வாசகர் கண்ணில் படாது. படாத இடத்தில் பொய் சொல்ல ஆசை வரும். ஸ்கீமாவுக்கு முன்பே, பக்கத்தின் தலைப்பகுதியில் 'திறவுச்சொற்கள்' எழுதும் வழக்கம் இருந்தது. தொடர்பே இல்லாத சொற்களை அதில் கொட்டிக் கெடுத்துவிட்டார்கள். தேடல் வரிசைக்கு அதைக் கணக்கில் எடுப்பதில்லை என்று 2009இல் கூகுள் வெளிப்படையாகவே அறிவித்தது. ஸ்கீமாவிலும் அதே கதை. தன் கடைக்குத் தானே ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொள்ளும் பழக்கம் பரவியதும், நிறுவனங்கள் தம்மைப் பற்றித் தம் தளத்திலேயே தரும் மதிப்பீட்டு நட்சத்திரங்களைக் காட்டுவதை 2019இல் கூகுள் நிறுத்தியது.

ஆகையால் ஒவ்வொரு முக்கூற்றும் சாட்சியம்தான், தீர்ப்பு அல்ல. பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தும் உள்ளே உள்ள குறிப்பும் ஒத்துப்போகின்றனவா, வேறு மூலங்கள் அதையே சொல்கின்றனவா என்று பொறி ஒப்பிடும். பொருளமைவு இதற்கும் உதவுகிறது. தொடங்கிய ஆண்டு மூடிய ஆண்டுக்குப் பின்னால் வர முடியாது, ஓர் ஊர் இரண்டு மாநிலங்களில் இருக்க முடியாது போன்ற விதிகள் பல பொய்களையும், பொய்யை விட அதிகமாக இருக்கும் கவனப் பிழைகளையும், தாமே காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழ்ப் பக்கங்களின் நிலை

தமிழ் இணையதளங்கள் இந்த ஏற்பாட்டால் அடையும் பயன் குறைவு. அதற்குப் பொருளமைவு காரணம் அல்ல. அதற்கும் அடியில் உள்ள எழுத்தே காரணம். பாமினி எழுத்துருவில் தட்டிய 'தமிழ்' என்ற சொல்லைக் கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக. திரையில் தமிழ் தெரியும். கிராலருக்குத் தெரிவது அந்த உளறல். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதன் பிறகும் பழைய குறியேற்றத்தில் தங்கிவிட்ட கோப்புகள் உண்டு. சுற்றறிக்கையை அச்சிட்டு, கையெழுத்திட்டு, ஒளிவருடிப் படமாக ஏற்றும் வழக்கமும் உண்டு. படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பொறிகள் இன்று ஓரளவு படித்துவிடுகின்றன. அட்டவணைக்குள் இருக்கும் கிழமையையும் நேரத்தையும் சரியாகப் பொருத்துவதில் இடறுகின்றன.

குறிப்பு இல்லாத பக்கங்களைப் புரிந்துகொள்ள இன்னொரு வழி வந்திருக்கிறது. ஏராளமான எழுத்தைப் படித்து, சொற்கள் எந்தச் சொற்களோடு பழகுகின்றன என்று கற்றுக்கொள்ளும் மொழி மாதிரிகளை 2019 முதல் கூகுள் தேடலில் பயன்படுத்துகிறது. 'ஆஸ்பத்திரி', 'மருத்துவமனை', 'ஹாஸ்பிடல்' மூன்றும் ஒரே சூழலில் வருகின்றன என்பதை யாரும் சொல்லாமலே இவை கண்டுகொள்ளும். பேச்சுவழக்கும் எழுத்துப் பிழையும் மலிந்த தமிழ்த் தேடலுக்கு இது பெரிய உதவி. ஆனால் பழக்கத்திலிருந்து கிடைப்பது ஊகம். ஒரு சிறப்பு ஓ.பி. செவ்வாயிலிருந்து வியாழனுக்கு மாறியிருந்தால், இணையத்தில் இருக்கும் பழைய பக்கங்கள் எத்தனையைப் படித்தாலும் விடை செவ்வாய் என்றுதான் வரும். வியாழன் என்பதை மருத்துவமனைதான் சொல்ல வேண்டும், எந்திரம் படிக்கும் வடிவில், தேதியோடு.